பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டைப் பார்ப்பது எப்படி?

செட்டிநாட்டில் ஆளில்லாமல் கிடக்கும் பெரிய வீடுகளுக்குள் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறைய. கையில் செல்போன், தோளில் பை, மனதில் எங்கோ கேட்ட ஒரு பேய்க் கதை. கொல்லைச் சுவரில் ஏறிக் குதித்து, வளவில், அதாவது அறைகள் சூழ்ந்த முற்றத்துப் பகுதியில், நின்று நாலு படம் எடுத்து, "மர்ம மாளிகை" என்று தலைப்பும் போட்டுவிடுகிறார்கள். நான் இந்த வீடுகளைப் பாகப்பிரிவினைக்காக அளந்து வரைபடம் போடுகிறவன். வக்கீலோ பங்காளியோ கூப்பிட்டால் டேப்பைத் தூக்கிக்கொண்டு போவேன். அப்பா கொத்தனார், இதே வீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசியவர். இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வீட்டுப் பிள்ளை இல்லை என்றாலும் எந்த வீட்டில் எந்தப் படி ஆடும் என்று தெரியும். சுவர் ஏறாமலே உள்ளே போகலாம், கைகால் முறியாமல் வெளியே வரலாம். பேயைத் தேடி வருகிறவர்களுக்கு அதைவிடக் கனமான ஒன்று அங்கே கிடைக்கும். அது அந்த வீட்டின் கணக்கு. எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரை ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள்ளும் கால் வைக்காதவர்கள் நேராகப் பூட்டிய வீட்டுக்குப் போக வேண்டாம். ஆத்தங்குடியில் பெரிய வீட்டைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். சென்னைக்காரர்கள் என்றால் முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்திய செட்டிநாட்டு வீடு ஒன்று இருக்கிறது. நன்றாக இருக்கிற வீட்டை ஒரு தரம் நடந்து பார்த்தால்தான், கெட்டுப்போன வீட்டில் எது இல்லை என்று கண்ணில் படும்.

சாவி யாரிடம்?

நகரத்தார் ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன. பழைய கணக்கில் 96 ஊர். இன்றைக்கு எழுபது சொச்சம். தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், கடியாபட்டி, ராயவரம் என்று எங்கே போனாலும், ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக நீண்ட வீடுகளில் பல பூட்டியிருக்கும். பூட்டில் துரு, திண்ணையில் ஆட்டுப் புழுக்கை. இதைப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரரே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சொந்தக்காரர்கள் அதிகம் என்பதுதான் அந்த வீட்டின் வியாதி. கட்டியவருக்கு மூன்று பிள்ளை, அவர்களுக்கு ஆளுக்கு நாலு, அப்புறம் பேரன்மார் என்று முப்பது நாற்பது பங்கு ஆகியிருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் எங்கே என்று மற்றவர்களுக்கே தெரியாது. ஒரு ஓடு மாற்றுவதற்குக்கூட இத்தனை பேரும் தலையாட்ட வேண்டும். ஆட்ட மாட்டார்கள். இடிப்பதற்கும் அதே கதைதான். பல வீடுகள் இன்னும் நிற்பதற்கு அந்த ஒத்துப்போகாமைதான் காரணம்.

அதுவும் முழுக்கப் பூட்டியே கிடப்பதில்லை. முன்னோர்களுக்குப் படைப்பு போடுகிற நாள் என்று ஒன்று உண்டு. அன்றைக்கு எங்கெங்கிருந்தோ வந்து, வளவைக் கழுவி, பின்கட்டில் அடுப்பு மூட்டி, படைத்துச் சாப்பிட்டுவிட்டு, மறுபடி பூட்டிவிட்டுப் போவார்கள். வருஷம் முழுக்க வௌவால் குடியிருக்கும் வீட்டில் அந்த ஒரு நாள் நூறு இலை விழும்.

சாவி பெரும்பாலும் அதே தெருவில்தான் இருக்கும். எதிர்வீட்டு ஆச்சி, கோயில் கணக்கர், முக்கு டீக்கடை, இந்த மூன்றில் ஒன்று. டீக்கடையில் போய் நின்று "இங்க பேய் வீடு எது?" என்று கேட்டால் உங்களைத் தப்பான வீட்டுக்கு அனுப்பி வைத்து வேடிக்கை பார்ப்பார்கள். "அண்ணே, இது எந்தக் கோயில் வீடு? என்ன விலாசம்?" என்று கேளுங்கள். நகரத்தார் ஒன்பது கோயிலாகப் பிரிந்தவர்கள்: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. விலாசம் என்பது குடும்பத்துக்கு முன்னால் போடுகிற எழுத்துகள். இந்த இரண்டையும் கேட்கிற ஆளை ஊரில் யாரும் திருடன் என்று நினைக்க மாட்டார்கள். "உட்காருங்க தம்பி" என்பார்கள்.

காவல்காரர் தலையாட்டுவது அனுமதி ஆகாது. அவர் சம்பளம் வாங்குகிறவர். நாளைக்குப் பேச்சு வந்தால் அவர்தான் மாட்டுவார். அவருக்குச் சம்பளம் அனுப்புகிற பங்காளி யார் என்று கேட்டு, அவரிடம் போனில் பேசுங்கள். நீங்கள் யார், எத்தனை பேர் வருகிறீர்கள், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவீர்கள், படம் எடுப்பீர்களா, இவ்வளவையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று ஒரு வார்த்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பங்காளிகளுக்குள் வழக்கு நடக்கிற வீடு என்றால் ஒரு கட்சிக்காரர் சரி என்றாலும் போகாதீர்கள். நீங்கள் எடுத்த படம் எதிர்க்கட்சி வக்கீல் கையில் சாட்சியாக நிற்கும்.

கேட்காமல் நுழைந்தால் என்ன ஆகும் என்கிறவர்களுக்கு: பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 329ஆம் பிரிவு. குற்ற நோக்கத்தோடு வீட்டுக்குள் அத்துமீறினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் நோக்கம் வேடிக்கை பார்ப்பதுதான் என்பதை நீங்கள்தான் ஸ்டேஷனில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். கதவு, தூண், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் எல்லாம் திருடு போகிற பகுதி இது. இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே அனுப்பிவைப்பார் என்று நம்பிப் போகாதீர்கள்.

போவதற்கு முன்

மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் சுண்ணாம்புச் சுவர் நீரைக் குடித்துக் கனத்துப் போய் நிற்கும். இங்கே சுவர்கள் மழையில் விழுவதைவிட, மழை விட்டு வெயில் அடிக்க ஆரம்பித்த பிறகு விழுவதுதான் அதிகம். தை பிறந்து சுவர் காய்ந்ததும் போகலாம். மாசி, பங்குனி தோது. காலை பத்து மணிக்கு உள்ளே போனால் உச்சி வெயில் வளவுக்குள் நேராக இறங்கும் நேரம் கைக்குக் கிடைக்கும். சுற்றியுள்ள அறைகளுக்கு வெளிச்சம் தருவது அந்த முற்றம் ஒன்றுதான். மூன்றரைக்கு மேல் உள்வீடுகள் இருண்டுவிடும். ராத்திரியில் போகவே கூடாது. பேய்க்காகச் சொல்லவில்லை, தரைக்காகச் சொல்கிறேன்.

கணுக்காலை மூடும் ஷூ, முழுக்கால் பேண்ட், தலைக்கு ஒரு டார்ச், கைக்கு ஒரு டார்ச், ஒரு தடி, தண்ணீர். என்95 முகக்கவசம் கட்டாயம். மாடி அறைகளில் வௌவால் எச்சம் காய்ந்து தூளாகக் கிடக்கும். கிளம்பினால் அந்தத் தூள் நுரையீரலில் போய்த் தங்கும், காய்ச்சலில் படுக்க வைக்கும். துடைப்பம் எடுத்துச் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிடாதீர்கள். மூன்று பேராவது போங்கள்: ஒருவர் வாசலிலேயே இருக்க, இருவர் உள்ளே. சுவர் இரண்டடி கனம் என்பதால் உள்கட்டில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்.

பாம்பைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். எலி இருக்கிற வீட்டில் பாம்பு இருக்கும். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் நாலும் இந்தப் பக்கம் உண்டு. தடியால் தரையைத் தட்டிக்கொண்டே நடங்கள். குவிந்த ஓடு, சாய்த்து வைத்த பலகை, பித்தளை அண்டாவின் அடி, இங்கெல்லாம் கையை விடாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மாடி முகப்பில் மலைத்தேனீ கூடு கட்டியிருந்தால் பார்க்கிறதை அன்றோடு நிறுத்திக்கொண்டு திரும்பிவிடலாம். எனக்குப் பாம்பைவிட அதற்குத்தான் பயம்.

உள்ளே கால் வைக்கும்போது

வாசல் கதவு தேக்கில் செய்தது. இரண்டு ஆள் தள்ளினால்தான் நகரும், காற்றில் தானாகச் சாத்திக்கொள்ளவும் செய்யும். இரண்டு பக்கமும் ஒரு செங்கல்லை அடை கொடுங்கள். பூட்டையும் சாவியையும் வாசலில் நிற்கிறவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். நாதாங்கியில் தொங்கவிட்ட பூட்டை, தெருவில் போகிற நல்ல மனிதர் யாராவது பூட்டிவிட்டுப் போய்விடுவார். காவல்காரர் ஒரு பல்புக்காக இழுத்த ஒயர் எங்கேயாவது உயிரோடு இருக்கும். பழைய மரப்பட்டியில் ஓடும் ஒயர் எதையும் தொடாதீர்கள்.

தரைத்தளம் பெரிதாக ஆபத்தில்லை, பின்கட்டுக் கிணற்றைத் தவிர. கைப்பிடிச் சுவர் விழுந்து அதன் மேல் கொடி படர்ந்திருக்கும். பின்கட்டுக்கு வந்ததும் முதலில் கிணறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள். முற்றத்தைச் சுற்றி இறங்குகிற நாட்டு ஓட்டுச் சரிவின் கீழ் நிற்காதீர்கள். சரவிளக்கு தொங்கினால் அதற்கு நேர் கீழே நின்று அண்ணாந்து படம் எடுப்பது எல்லோருக்கும் பிடித்த கோணம். அந்தக் கொக்கியைக் கடைசியாக எப்போது யார் பார்த்தார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மாடிதான் ஆளைக் கொல்வது. தளம் மெட்ராஸ் டெரஸ் முறையில் போட்டது: சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகள், அதன் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை. தேக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கட்டை சுவருக்குள் நுழையும் முனையில் மழைநீர் கசிந்து உளுத்திருக்கும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆத்தங்குடிக் கல் பளபளவென்று கிடக்கும். ஆகவே மேலே ஏறுவதற்கு முன், கீழ் அறையில் நின்று டார்ச் அடித்துக் கூரையைப் பாருங்கள். கட்டை முனையில் கறுப்பு ஈரக்கறை, சுவரில் கறையான் பாதை, நடுவில் லேசான தொய்வு, தரையில் உதிர்ந்த காரைத் தூள், இதில் எது தெரிந்தாலும் அதற்கு மேலே இருக்கும் அறைக்குப் போக வேண்டாம். ஒன்றும் தெரியாவிட்டாலும் மேலே சுவரை ஒட்டியே நடங்கள், ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு. மரப்படியில் நடுவில் மிதிக்காமல் ஓரத்தில் மிதியுங்கள். வார்ப்பிரும்புக் கைப்பிடியில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வது வேண்டவே வேண்டாம்.

வீட்டை எப்படிப் பார்ப்பது

இனி நான் ஆசையாகச் செய்கிற வேலைக்கு வருகிறேன். வந்தவர்கள் எல்லாம் தூணைத் தடவிப் பார்த்து "பர்மா தேக்கு" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தேக்கு எப்படி வந்தது என்ற கேள்வியோடு வாசலிலிருந்து பின்கட்டு வரை நடங்கள்.

முகப்பில் ஆரம்பியுங்கள். மேலே அண்ணாந்தால் சுதையில் கஜலட்சுமி. இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய் நிற்கிற வீடுகளும் உண்டு. யாருடைய காவலில் பணம் சம்பாதித்தார்கள் என்பதை அவர்களே தெருவைப் பார்த்து எழுதி வைத்துவிட்டார்கள். 1852-ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டா காடு அழிந்து நெல் வயல் ஆயிற்று. வயல் திருத்த விவசாயிக்குக் கடன் வேண்டும். வெள்ளைக்கார வங்கி சேற்றில் இறங்காது. செட்டியார் இறங்கினார். 1930 வாக்கில் பர்மாவில் ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட செட்டியார் கடைகள், அதாவது வட்டிக்கடைகள், இருந்தன. முகப்பில் நிற்கிற இத்தாலிப் பளிங்கும், ஜப்பான் ஓடு பதித்த சுவரும், பெல்ஜியக் கண்ணாடியும் அந்த வட்டியில் வந்தவை.

வளவுக்குள் வந்தால் முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு இரட்டை வீடு, அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அறை. கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே கூரையின் கீழ் தனித்தனி உலை. அந்தக் கதவுகளில் தொங்கும் பூட்டுகளைப் பாருங்கள். ஒன்றில் பழைய பித்தளைப் பூட்டு, ஒன்றில் புதிதாக வாங்கிய கோத்ரெஜ், ஒன்றில் பூட்டின் மேல் அரக்கு முத்திரை. யார் வந்து போகிறார், யார் வருவதே இல்லை, எந்த அறை வழக்கில் இருக்கிறது என்று பூட்டே சொல்லிவிடும். ஒரு வீட்டில் நான் அளக்கப் போனபோது, வளவுத் தூண் ஒன்று பாதி பச்சை, பாதி வெள்ளை. தூணின் சரியான நடுக்கோட்டில் தூரிகை நின்றிருந்தது. அண்ணன் பங்குக்கு வந்த பக்கத்துக்கு அவர் பெயிண்ட் அடித்திருக்கிறார். தம்பி பக்கத்துக்கு ஒரு விரல் அகலம்கூடத் தாண்டவில்லை. வரைபடத்தில் அந்தத் தூணை எந்தப் பங்கில் காட்டுவது என்று இரண்டு தரப்பு வக்கீலும் ஒரு பிற்பகல் முழுக்கப் பேசினார்கள்.

பெட்டகச் சாமான் ஏதாவது மிஞ்சியிருந்தால், தொடாமல் குனிந்து விளிம்பைப் பாருங்கள். பித்தளை, வெண்கலப் பாத்திரத்தில் விலாச எழுத்துகள் வெட்டியிருக்கும். பெண்ணுக்குச் சீர் கொடுத்த வீட்டின் எழுத்தும் புகுந்த வீட்டின் எழுத்தும் வேறு வேறு. பெண்கள் கொண்டுவந்த பணம் இந்த வீட்டுக்குள் எவ்வளவு புழங்கியது என்பதற்கு அதுதான் கண்ணால் பார்க்கிற ஆதாரம். சீர்ப்பணத்தைப் பெண்ணின் பேரிலேயே உறவுக்காரர் கடையில் போட்டு வைப்பார்கள். விதவை ஆச்சிமாரின் பணமும் அங்கேதான். ஆண்கள் மூன்று வருஷத் தவணைக்குக் கடல் தாண்டிப் போனார்கள். ஆச்சிமார் இந்த வளவிலேயே பிள்ளை வளர்த்தார்கள்.

இருட்டு எங்கே வருகிறது என்றால், 1930-ல். உலகம் முழுக்க விலை சரிந்தபோது நெல் விலையும் விழுந்தது. பர்மிய விவசாயியால் அசல் இருக்கட்டும், வட்டியே கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போனது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-ல் நூற்றுக்கு 25. நிலம் இழந்தவன் வீடு எப்படி இருந்திருக்கும் என்று இந்த வளவில் நின்றுதான் நினைத்துப் பார்க்க வேண்டும். தாராவடிப் பக்கம் அதே 1930 டிசம்பரில் சாயா சான் என்பவர் தலைமையில் விவசாயிகள் கலகம் வெடித்தது. ரங்கூனில் 1930-லும் 1938-லும் இந்தியர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். 1930-ல் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் கடன் கொடுத்தவர்கள் அல்லர், மூட்டை தூக்கியவர்கள்.

செட்டியார் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்வார்கள், அதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்: எங்களுக்கு நிலம் வேண்டாம், பணம்தான் வேண்டும், டெபாசிட் போட்ட ஆச்சிக்குச் சேற்றையா அள்ளிக் கொடுக்க முடியும்? அதுவும் உண்மைதான். எத்தனையோ கடைகள் முறிந்து மஞ்சள் கடுதாசி கொடுத்தன. ஆனால் பணம் முடங்கியவருக்கு ஊரில் நூறு தூண் வீடு மிஞ்சியது. நிலம் போனவனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தக் கணக்கை நான் எந்தப் பக்கம் நின்று கூட்டினாலும் சமன் ஆகவில்லை.

1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் ஊரே விழுந்தது. கப்பல் டிக்கெட் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காத லட்சக்கணக்கானோர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலை வழியாகவும் நடந்தார்கள். பல ஆயிரம் பேர் காலராவிலும் பசியிலும் பாதையிலேயே போனார்கள். 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. 1960களில் நெ வின்னின் ராணுவ ஆட்சி கடைகளையும் எடுத்துக்கொண்டது. கட்டும்போது கையில் இருந்த வருமானம் இல்லாமல் இத்தனை பெரிய வீட்டுக்கு வெள்ளையடிக்க யாரால் முடியும்? முதலில் மாடியைப் பூட்டினார்கள், அப்புறம் இரண்டாம் கட்டை, கடைசியில் வாசலை.

தாள் கிடைத்தால்

உள்ளறைகளில் மூட்டை மூட்டையாகத் தாள் கிடக்கலாம். பிரிக்காதீர்கள், கரையான் தின்ற தாள் கை பட்டாலே உதிரும். மேலாகத் தெரிகிற பக்கத்தை மட்டும் பாருங்கள். படிப்பதற்குத் தமிழ் எண்கள் தெரிந்திருக்க வேண்டும். 125 என்பதை ௱௨௰௫ என்று எழுதியிருப்பார்கள். வருஷமும் அறுபது வருஷச் சுற்றில்தான் இருக்கும்: பிரமோதூத என்றால் 1930–31, விஷு என்றால் 1941–42. இதை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் போதும், தேதி போடாத வீட்டுக்கும் தேதி கண்டுபிடித்துவிடலாம். என்னென்ன தாள் இருக்கும்? கல்யாணத்தில் எழுதுகிற இசைகுடிமானம், மொய்ப்பண ஏடு, வெளிநாட்டுக் கடையைப் பார்த்துக்கொள்ளும் ஏஜெண்டோடு போட்ட சம்பளச் சீட்டு, பேரேடு, வரவு செலவு நிலுவையைக் காட்டும் ஐந்தொகை.

ஒரு வீட்டில் மாடிப் பெட்டகத்தைத் திறக்கச் சொல்லி, பங்காளிகள் முன்னிலையில் சாமான் பட்டியல் எடுத்தோம். ரங்கூன் கடையிலிருந்து முதலாளிக்கு வந்த ஐந்தொகைகள் கயிற்றில் கோத்துத் தொங்கின. ஒவ்வொன்றின் தலையிலும் பிள்ளையார் சுழி, சிவமயம். வசூல், நிலுவை, கைமாற்று, பெகு வயல் குத்தகை என்று அழகான கையெழுத்து. விஷு வருஷம் கார்த்திகையோடு கோப்பு முடிந்தது. அதற்கடுத்த தாள் அதே கயிற்றில் ஒரு மளிகைக் கடைப் பற்றுச் சீட்டு, வருஷம் நாலு தள்ளி. பங்காளிகளில் மூத்தவர் அதைப் பார்த்துவிட்டு, "ஐயா இதுக்கப்புறம் மாடிக்கு ஏறவே இல்லைன்னு அப்பத்தா சொல்லும்" என்றார். கடைசி ஐந்தொகையில் நிலுவைப் பக்கம் பர்மியப் பெயர்கள் வரிசையாக இருந்தன, தமிழ் எழுத்தில், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஏக்கர்.

இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் சொந்தக்காரரிடம் சொல்லி, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்கச் சொல்லுங்கள். அந்த நூலகமே கோட்டையூர்க்காரர் ஒருவர் சேர்த்து வைத்த புத்தகத்திலும் தாளிலும் பிறந்தது. நீங்களாக ஒரு தாளையும் பையில் போடாதீர்கள். உடைந்த கல், கழன்ற கைப்பிடி, ஒரு மங்குக் கிண்ணம், எதையும்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இப்படிக் கழற்றிய வீடுகள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. அங்கே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், பில்லும் தருவார்கள்.

பேய் எங்கே?

கேட்பீர்கள் என்று தெரியும். மாலையில் வெயில் இறங்கும்போது தேக்கு உத்திரம் சுருங்கிச் சடக் என்று சத்தம் போடும். ஓட்டின் மேல் ஆள் நடப்பதுபோல் கேட்பது மரநாய். குழந்தை அலறுவதுபோல் கேட்டால் சாக்குருவி. இந்த மூன்றையும் கழித்துவிட்டு மிச்சம் ஏதாவது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

ஊரில் சொல்லும் கதைகளைத் தள்ளிவிடவும் வேண்டாம், அப்படியே எழுதவும் வேண்டாம். பத்தில் எட்டுக் கதையில் ஒரு மருமகள் தூக்கில் தொங்குவாள், அல்லது கிணற்றில் விழுவாள். அவள் பேர் யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டு ஆச்சியிடம் உட்கார்ந்து, "ஆச்சி, இந்த வீட்டில் கடைசியாக எப்போது கல்யாணம் நடந்தது?" என்று கேளுங்கள். பேயைக் கேட்டால் ஒரு வரி வரும், கல்யாணத்தைக் கேட்டால் ஒரு மணி நேரம் வரும். யார் கடை முறிந்தது, யார் டெபாசிட் போனது, யாரோடு யார் பேச்சை நிறுத்தினார்கள், எந்த வருஷம் மாடி பூட்டப்பட்டது, எல்லாம். அந்த மருமகள் உண்மையிலேயே இருந்திருந்தால் அவள் பெயரும் வரும். வந்தால் அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அவள் வீட்டு ஆட்கள் இன்னும் அதே தெருவில்தான் இருப்பார்கள்.

பார்த்து முடித்த பிறகு

படம் போடுங்கள், ஊர்ப் பெயரையும் தெருவையும் போடாதீர்கள். போனில் இருப்பிடம் பதிகிற வசதியை அணைத்துவிட்டே படம் எடுங்கள். "ஆளில்லா வீடு, உள்ளே பெட்டகம் இருக்கிறது" என்று நீங்கள் ரசித்து எழுதுவதை, மினி லாரி வைத்திருக்கிற ஒருவனும் ரசித்துப் படிப்பான்.

எடுத்த படங்களில் ஓடு சரிந்த இடம், ஒழுகல், கட்டை உளுத்த முனை இருந்தால் தனியாகப் பொறுக்கி, எந்த அறை என்று எழுதி அனுமதி தந்த பங்காளிக்கு அனுப்புங்கள். அவர்கள் பலருக்குத் தங்கள் வீட்டு மாடி எப்படி இருக்கிறது என்றே தெரியாது. ஒரு ஓடு மாற்றினால் ஒரு அறை பிழைக்கும் நிலையில் எத்தனையோ வீடுகள் நிற்கின்றன. செங்கல் அடையை எடுத்த இடத்தில் வைத்து, திறந்த ஜன்னலைச் சாத்தி, சாவியை வாங்கியவரிடமே கொடுங்கள். காவல்காரருக்குக் கொடுக்க வேண்டியதைப் போகும்போது கொடுங்கள், வந்ததும் கொடுத்தால் லஞ்சம் மாதிரி இருக்கும். போன் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒழுங்காக நடந்துகொண்டவர் என்று அவர் மனதில் பட்டுவிட்டால், நாலு மாசம் கழித்து அவரே கூப்பிட்டு, "தம்பி, வர்ற வெள்ளிக்கிழமை படைப்பு, வீடு முழுக்கத் திறந்திருக்கும், முதலாளிகிட்ட சொல்லிட்டேன், சாப்பிட வந்துடுங்க" என்பார்.